ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு சனிக்கிழமை வேண்டும்

கேள்வி:

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்து, இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஊழியம் செய்யும் குடும்பம். வரும்போது மகளுக்கு 8 வயது, இப்போது 15. தமிழ் மொழிமூலத்தில் தரம் 11 படிக்கிறாள், சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறாள். நல்ல பிள்ளையாகத்தான் வளர்ந்தாள். ஒரு வருடமாக ஆளே மாறிவிட்டாள். பாடசாலை விட்டால் கரப்பந்து, வீட்டுக்கு வந்தால் போனும் சிநேகிதிகளும். மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருக்கிறார்களாம், எந்நேரமும் அதே பேச்சு. ஞாயிறு ஆராதனையில் கீபோர்ட் வாசிக்கிறாள், சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடசாலையும் எடுக்கிறாள். ஆனால் சனிக்கிழமை எங்களோடு வீடு சந்திக்க வரமாட்டேன் என்கிறாள். போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது, எங்களைத் தாங்குகிற சபையில் சாட்சி சொல்லக் கேட்டோம், மேடையேற மறுத்துவிட்டாள். மாசி மாதம் தோழியின் தோட்டத்தில் காமன் கூத்துப் பார்க்கப் போகக் கேட்டாள். அவள் அப்பா மறுத்ததும் அழுதுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். பரீட்சை முடிந்ததும் தமிழ்நாட்டில் விடுதியில் சேர்த்து +1 படிக்கவைக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். அதைச் சொன்னதற்கு, "நீங்க வந்தீங்க, நானும் கூட வந்தேன். இப்ப நீங்க அனுப்புறீங்க, நான் போகணுமா?" என்றாள். அதன்பின் சரியாகப் பேசுவதில்லை. விசுவாசத்தை விட்டு விலகுகிறாளோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

— ஓர் அம்மா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், மகள் விசுவாசத்தை விட்டு விலகுகிறாள் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை. ஞாயிறுதோறும் வாசிக்கிறாள், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். அவள் மறுப்பது மூன்றே விடயங்களை: வீடு சந்திப்பு, மேடை, விடுதி. இந்த மூன்றையும் அவளிடம் கேட்காமல் பெரியவர்கள் தீர்மானித்திருக்கிறீர்கள். அவளுடைய கோபம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். கடவுள் மேல் இல்லாத கோபத்தைக் கடவுள் மேல் கோபம் என்று நாம் எடுத்துக்கொண்டால், பிள்ளைக்கு வேறு வழியில்லாமல் போய்விடும்.

மாகாணப் போட்டியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் மறுபடியும் மறுபடியும் வாசித்தேன். கரப்பந்து இலங்கையின் தேசிய விளையாட்டு. 1991இல் அப்படி அறிவித்தார்கள். கோட்டமட்டம், வலயமட்டம் என்று ஒவ்வொன்றாக வென்று மாகாணத்துக்குப் போவது எந்தப் பாடசாலைக்கும் பெரிய காரியம். நம் பக்கத்துப் பாடசாலைகளுக்கு இன்னும் பெரிய காரியம். பந்தடிக்க ஒரு சமதரை கிடைப்பதே இங்கே கஷ்டம். கைதவறிய பந்து தேயிலைக்குள் உருண்டு பள்ளத்துக்குப் போய்விடும். மழை மாதங்களில் பாடசாலை விடும் நேரத்துக்கே மூடுபனி இறங்கிவிடும். பயிற்சிக்கு நின்ற பிள்ளைகள் பஸ் பிடித்து இறங்கி, அங்கிருந்து தோட்டத்துக்கு ஏற்றத்தில் நடக்க வேண்டும். இத்தனையையும் தாண்டி ஓர் அணி உருவாகியிருக்கிறது. அந்த அணியில் உங்கள் மகளைப் பாஸ்டர் மகள் என்றோ இந்தியாப் பிள்ளை என்றோ யாரும் பார்ப்பதில்லை. பந்தை எடுத்துக் கொடுப்பாளா, நேரத்துக்கு வருவாளா என்றுதான் பார்க்கிறார்கள். 15 வயதில் ஒரு பிள்ளை தேடுவது இதைத்தான்: தன் பெயருக்காகவும் தன் கைத்திறனுக்காகவும் தன்னை விரும்பும் சில பேர்.

அந்தப் போட்டிக்கு நீங்கள் இருவரும் போங்கள். அன்று உபவாச ஜெபமோ கூட்டமோ இருந்தால் வேறு நாளுக்கு மாற்றுங்கள். பார்வையாளர்களோடு சும்மா உட்கார்ந்திருங்கள். அங்கே யாருக்கும் கைப்பிரதி கொடுக்க வேண்டாம், பயிற்றுவிக்கும் ஆசிரியரிடம் சபையைப் பற்றிப் பேசவும் வேண்டாம். அந்த ஒரு நாள் முழுக்க அவளுடையதாக இருக்கட்டும்.

அடுத்ததாக, அவளுடைய ஒரு வாரத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காலையில் பஸ், பாடசாலை, பயிற்சி, டியூசன், வீட்டுப் பாடம். சனிக்கிழமை தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களில், லயன் லயனாக வீடு சந்திப்பு. ஞாயிறு காலை பிள்ளைகள், பிறகு ஆராதனை. இடையில் வீட்டில் ஜெபக்கூட்டம் என்றால் வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது யார்? வெளியூரிலிருந்து பிரசங்கியார் வந்தால் யாருடைய அறையைக் காலி செய்கிறீர்கள்? இதை நான் குற்றமாகக் கேட்கவில்லை. ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் வந்து மனம் திறக்கும்போது அநேகமாக இங்கேதான் தொடங்குகிறார்கள். எங்கள் வீட்டுக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, எனக்கென்று மூட ஒரு கதவு இல்லை என்பார்கள். ஊழியத்துக்கு அழைப்பைப் பெற்றவர்கள் நீங்கள் இருவரும். அவள் உங்கள் பிள்ளையாக உங்களோடு வந்தவள். சம்பளமில்லாத உதவியாளராக அவளை யாரும் நியமிக்கவில்லை, ஆனால் நாளாவட்டத்தில் அப்படி ஆகிவிட்டது. சனிக்கிழமையை அவளிடமே திருப்பிக் கொடுங்கள். தூங்கட்டும், தலைக்குக் குளிக்கட்டும், தோழிகளோடு டவுனுக்குப் போய் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வரட்டும். கீபோர்ட் வாசிப்பதும் ஞாயிறு பாடசாலையும் அவளுக்கு விருப்பமானவையா, பழக்கத்தால் நடப்பவையா என்று கேளுங்கள். ஒன்றை விட்டுவிடுகிறேன் என்றால் விடட்டும்.

சொந்த நாட்டுக்கு வெளியே வளரும் பிள்ளைகளைப் பற்றி உலகம் யோசிக்கத் தொடங்கியது அண்மையில்தான். 1950களில் கணவரோடு இந்தியாவில் தங்கி, அங்கே வேலை செய்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த ரூத் ஹில் யூசீம் என்ற சமூகவியலாளர், இந்தப் பிள்ளைகளை மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள் என்றார். பெற்றோரின் நாடு ஒன்று, வளரும் நாடு இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே தாங்களே உண்டாக்கிக்கொள்ளும் வாழ்க்கை ஒன்று. உங்கள் மகள் அந்த வாழ்க்கையில்தான் இருக்கிறாள். நாகர்கோவிலில் மாமா பிள்ளைகள் அவளது பேச்சைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். இங்கே வரலாறு பாடத்தில் அநுராதபுரமும் பொலன்னறுவையும் படிக்கிறாள், காலையில் பாணும் சம்பலும் சாப்பிடுகிறாள், கிரிக்கெட்டில் இந்தியாவும் இலங்கையும் மோதினால் யார் பக்கம் என்று வகுப்பில் கேட்டுச் சீண்டுகிறார்கள். நீங்களோ பெரியவர்களாகி, ஊர் எது என்று தெரிந்த பிறகு புறப்பட்டு வந்தவர்கள். இந்த விடயத்தில் உங்கள் அனுபவமும் அவள் அனுபவமும் வேறு. அவளுக்கு இது வெளிநாடு இல்லை.

மலையகத் தோட்டங்களுக்கு ஊழியர்கள் வந்த கதையும் பழையது. 1850களில் தோட்டத் தமிழர்களுக்கென்று மிஷன் வேலை தொடங்கியபோதே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். கோப்பி பயிரிட்ட காலம் அது. அவர்களைப் பற்றிச் சபைப் பதிவுகளில் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. இன்றைய சபைகளாவது அந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டும் என்பது என் ஆசை.

இனி, மனதுக்குக் கொஞ்சம் கடினமான ஒன்று. மகள் தோழி வீட்டுக்குப் போய் வந்தால், "அவங்கள சபைக்குக் கூப்பிட்டியா?" என்று நீங்களோ அவள் அப்பாவோ கேட்பதுண்டா? கேட்பீர்கள் என்றால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு அவளால் எந்தத் தோழியோடும் சும்மா சிரித்துப் பேச முடியாது. தோழியின் அம்மா மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுக் களைப்போடு வந்து இவளுக்கும் சேர்த்து ரொட்டி தட்டிக் கொடுக்கும்போது, தான் ஏதோ மறைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பதாக அவளுக்குத் தோன்றும். தோட்டத்தில் பெரும்பாலானவர்கள் சைவர்கள். மதம் மாற்ற வருகிறார்கள் என்ற பேச்சு இந்த நாட்டில் எவ்வளவு சீக்கிரம் மனங்களைக் கசக்கச் செய்யும் என்று உங்களுக்கே தெரியும். அப்படியிருந்தும் அந்த அம்மா இவளை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது, தன் மகளின் சிநேகிதி என்பதால். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் உரிமை உங்கள் மகளுக்கு உண்டு. அவள் எதை நம்புகிறாள் என்று தோழி கேட்டால் அவளே சொல்வாள், சொல்லும் விதத்தையும் அவளே தீர்மானிப்பாள்.

காமன் கூத்து விடயத்தில் போக விடுங்கள் என்றோ விடாதீர்கள் என்றோ நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் குடும்பத்தின் நம்பிக்கை சார்ந்தது, அதில் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் அவள் எதைக் கேட்டாள் என்பதைப் பாருங்கள். மாசி மாதத்தில் தோட்டமே இரவில் விழித்திருக்கும். தப்பு மேளச் சத்தம் மலைக்கு மலை கேட்கும். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் அண்ணன் வேஷம் கட்டுவான், மாமா ரதியாக ஆடுவார். சிவன் காமனை எரிக்கும் இடத்தில் பெரியவர்களும் கண்கலங்கி நிற்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வரும் கூத்து அது. தோழிகள் எல்லோரும் நிற்கும் இடத்தில் தானும் நிற்க வேண்டும் என்றுதான் மகள் கேட்டிருப்பாள். மறுப்பதாக இருந்தாலும் காரணத்தைச் சொல்லி, அவள் பதிலையும் கேட்டு மறுங்கள். "வேண்டாம்னா வேண்டாம்" என்பது 8 வயதுப் பிள்ளைக்குப் போதும், 15 வயதுக்குப் போதாது. அப்பாவும் கூடப் போய், பூசையில் கலந்துகொள்ளாமல் ஓர் ஓரமாக நின்று கூத்தைப் பார்த்துவிட்டு அவளை அழைத்து வருவது உங்கள் மனச்சாட்சிக்கு ஒத்துவருமா என்று இருவரும் பேசிப் பாருங்கள். அடுத்த மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

மேடை விடயத்தில் நான் முழுக்க மகள் பக்கம். உங்களைத் தாங்கும் சபைக்கு நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டும், சரி. அதை நீங்கள் சொல்லலாம். அவளை ஏற்றி, இலங்கையில் கஷ்டப்பட்டு ஊழியம் செய்யும் குடும்பத்தின் பிள்ளை என்று காட்டும்போது, தன் தோழிகளின் லயன் வீடுகளையும் அவர்கள் வறுமையையும் பற்றித் தெரியாதவர்கள் முன் பேசவேண்டி வருகிறது. அது அவளைக் கூசவைக்கும். தன் சிநேகிதிகளைப் பரிதாபத்துக்குரியவர்களாக்கிப் பேசமாட்டேன் என்று ஒரு பிள்ளை நினைத்தால் அதில் பெருமைப்பட இடமிருக்கிறது. மாதாமாதம் நீங்கள் அனுப்பும் ஜெபக் கடிதத்துக்கும் இதுவே பொருந்தும். மகளைப் பற்றி ஒரு வரி எழுதுவதானாலும், அவள் படத்தைப் போடுவதானாலும் முதலில் அவளிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். "எங்கள் மகளின் பிடிவாதம் நீங்க ஜெபியுங்கள்" என்று ஏற்கெனவே எழுதி அனுப்பியிருந்தால், அது அவள் காதுக்கு எட்டியிருக்கிறதா என்று யோசியுங்கள். அத்தைமார் வாட்ஸ்அப்பில் அனுப்பாத கடிதம் கிடையாது.

போனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரவு தூங்கும் நேரத்தில் எல்லோருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் இருக்கட்டும். ரீலோட் மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி வையுங்கள். மற்றபடி அவள் அதில் யாரோடு பேசுகிறாளோ அவர்களை வீட்டுக்கு அழையுங்கள்.

இனி விடுதி. இங்கே பெற்றோர் இருவரும் நிதானிக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு அனுப்புவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் "ஏற்பாடு செய்துவிட்டோம்" என்பதை "யோசிக்கிறோம்" என்று மாற்றி, உண்மையாகவே யோசியுங்கள். மகளிடம் போய், "உன்னைக் கேக்காம பேசினது சரியில்ல, அதை நிறுத்தி வச்சிருக்கோம், பரீட்சை முடியட்டும், மூணு பேருமா உக்காந்து பேசுவோம்" என்று சொல்லுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அதுவே பாதி பாரத்தைக் குறைக்கும்.

பேசும்போது முன்னால் வைக்க வேண்டிய சில விபரங்கள் உண்டு. தமிழ்நாட்டில் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. சாதாரண தரப் பெறுபேறு பரீட்சை முடிந்து சில மாதங்கள் கழித்துத்தான் வரும், பரீட்சை நாளும் கடந்த சில வருடங்களாக முன்பின்னாக மாறுகிறது. அதனால் சேர்க்கைக்கும் பெறுபேறுக்கும் நாள் ஒத்துவராமல் போகலாம். சேர்க்க நினைக்கும் பள்ளியிடம், இலங்கைப் பெறுபேறை ஏற்றுக்கொள்வார்களா, என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். +2வில் 6 பாடங்கள். இங்கே உயர்தரத்தில் முதன்மைப் பாடங்கள் 3. இங்கேயே உயர்தரம் படித்துவிட்டு இந்தியாவில் பட்டப்படிப்புக்குப் போவதானால், சமநிலைச் சான்றிதழ் பெற வேண்டியிருக்கும். அவள் படிக்க விரும்பும் துறைக்கு எந்தப் பாடங்கள் தேவை என்பதைத் தரம் 12இல் பிரிவு தெரிவு செய்வதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், பிறகு மாற்றுவது கஷ்டம். உங்கள் விசாவை இன்னும் எத்தனை வருடம் புதுப்பிக்க எண்ணியிருக்கிறீர்கள் என்பதையும் ஒளிக்காமல் அவளிடம் சொல்லுங்கள். அது தெரியாமல் அவளால் எதையும் தீர்மானிக்க முடியாது.

அனுப்புவது என்று மூவரும் சேர்ந்து முடிவெடுத்தால், எந்த விடுதி என்பது முக்கியம். 1901இல் கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். பெற்றோரைப் பிரிந்திருப்பது அங்கேயும் வலித்திருக்கும், ஆனால் பக்கத்துக் கட்டிலில் படுத்த பிள்ளையும் அதே நிலையில் இருந்தது. திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில் இந்திய மிஷனரிகளின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி இருக்கிறது. அப்படியான இடங்களை விசாரியுங்கள். சாதாரண விடுதி ஒன்றில், "சிலோன்காரி" என்ற பட்டப்பெயரோடு தனியாக நிற்பது வேறு அனுபவம்.

எங்கே போனாலும், போகும் விதம் முக்கியம். இடம் மாறும் குடும்பங்களோடு பல காலம் வேலை செய்த டேவிட் பொலக் என்ற அமெரிக்கர் நான்கு காரியங்களைச் செய்யச் சொன்னார். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் போகுமுன் தீர்த்துக்கொள்வது. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்வது. ஆட்களிடம் மட்டுமன்றி இடங்களிடமும் விடைபெறுவது. போகும் இடத்தைப் பற்றி முன்பே நினைத்து, கேட்டு, தெரிந்துகொள்வது. இந்த நான்கிலும் நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது விடைபெறுவதை. பிள்ளை அழுமே என்று கடைசி நாளில் அவசரமாகக் கூட்டிப்போவார்கள். அழட்டும். அணியினரோடு ஒரு கடைசி ஆட்டம், வகுப்பு டீச்சர் வீட்டுக்கு ஒரு போய்வருதல், தோழியின் தோட்டத்தில் ஓர் இரவு தங்கல், இதற்கெல்லாம் குறைந்தது ஒரு மாதமாவது விடுங்கள்.

இதில் உங்களுக்கு ஆலோசனை சொல்லத் தகுந்தவர்கள் உங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்று இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்தன. போகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கியவர்களில் உங்கள் மகளின் வயதில் இருந்தவர்கள் எத்தனையோ பேர். இங்கே பிறந்து, இங்கே விளையாடி, முன்பின் பார்த்திராத ஒரு நாட்டுக்கு "திரும்பி" போனவர்கள். அக்காவையோ சிநேகிதியையோ அப்படி அனுப்பிவிட்டு இங்கேயே தங்கிவிட்ட பாட்டிமார் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. மகளை ஒரு நாள் அவர்களில் ஒருவரிடம் உட்காரவிடுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். "நான் போகணுமா?" என்று மகள் கேட்டது உங்களுக்கு விசித்திரமாகத் தெரியலாம், அந்தக் கேள்வி அந்தப் பாட்டிக்கு உடனே விளங்கும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கோபமும் மௌனமும் இந்த வயதில் வந்து போகும். ஆனால் சில வாரங்கள் தொடர்ந்து தூக்கம் கெட்டால், சாப்பாடு குறைந்தால், கரப்பந்தையும் தோழிகளையுமே விட்டுவிட்டால், "இருந்து என்ன பிரயோசனம்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டதாகத் தெரிந்தால், காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் உளநல வைத்தியரைக் கேளுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஜெபிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, ஜெபித்துக்கொண்டே பஸ் ஏறுங்கள்.

இந்தப் பதிலை மகளுக்குக் காட்ட நினைத்தால், நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். அதில் தன்னைப் பற்றி எழுதியது தவறு என்று அவளுக்குத் தோன்றினால், அவளே எனக்கு எழுதட்டும். அதை நீங்கள் திறந்து பார்க்க வேண்டாம். பதில் அவள் பெயருக்கே வரும்.